விம்மின் லிஸ்ட்டை அர்ரேயாக மாற்றுவது: எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கொக்கி_7

விம் எடிட்டரின் மூலநிரலில் லிஸ்ட்.சி கோப்பைப் படித்துக்கொண்டிருக்கிறேன். விம்மின் சொந்த மொழியான விம் ஸ்கிரிப்ட்டில் லிஸ்ட் என்ற வகை 2006-இல், விம் 7 வெளியானபோது வந்தது. உள்ளே இருப்பது இருபக்கமும் இணைத்த லிங்க்டு லிஸ்ட். ஒவ்வொரு உறுப்பிலும் முந்தையதற்கு ஒரு பாயிண்டர் (மெமரி முகவரி), அடுத்ததற்கு ஒரு பாயிண்டர், அப்புறம் மதிப்பு.

64 பிட் கணினியில் கணக்குப் போட்டுப் பாருங்கள். மதிப்புக்கு 16 பைட், இரண்டு பாயிண்டருக்கு 16 பைட், ஆக 32. இதை மெமரி ஒதுக்கும் மாலாக்கிடம் கேட்டால், லினக்ஸில் வழக்கமான சி நூலகமான ஜிலிப்சி தன்னுடைய தலைப்பகுதியையும் சேர்த்து 16-இன் மடங்காக உயர்த்தி 48 பைட்டை ஒதுக்குகிறது. பத்து லட்சம் எண்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தால் 48 மெகாபைட். அதே எண்கள் இடைவெளியின்றி அடுத்தடுத்து அடுக்கும் அர்ரேயில் இருந்தால் 16 மெகாபைட் போதும். பிராசசர் ஒரே தடவையில் எடுக்கும் 64 பைட் கேஷ் வரி ஒன்றில் நான்கு மதிப்புகள் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும். லிங்க்டு லிஸ்ட்டில் ஒவ்வொரு அடிக்கும் மெமரியில் எங்கோ ஓர் இடத்துக்குத் தாவ வேண்டியிருக்கிறது.

என் சொந்த நிரல் கிளையில் இதை அர்ரேயாக மாற்றிப் பார்க்க ஆசை. ஸ்ட்ரக்ட்டை (லிஸ்ட்டின் தரவு அமைப்பை) மாற்றிவிட்டு, கம்பைலர் காட்டும் பிழைகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டே போகலாம் என்று நினைக்கிறேன். இந்த வழி சரிப்படுமா? இதே மாதிரி வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்.

பின்ஒட்டு

மெமரிக் கணக்கு சரி. வேகக் கணக்கில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். லிஸ்ட்டின் n-ஆவது உறுப்பைத் தேடும் ஃபங்ஷனைத் திறந்து பாருங்கள். கடைசியாக எந்த எண்ணைத் தேடினோம், அந்த உறுப்பு எங்கே இருக்கிறது என்ற இரண்டையும் லிஸ்ட்டே நினைவில் வைத்திருக்கிறது. புதிதாக ஓர் எண் கேட்டால் முதல் உறுப்பு, கடைசி உறுப்பு, நினைவில் உள்ள உறுப்பு மூன்றில் எது பக்கமோ அங்கிருந்து நடக்கும். அதனால் 0, 1, 2 என்று வரிசையாகக் கேட்கும் லூப்புக்கு ஒவ்வொரு முறையும் ஓரடி மட்டும்தான். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்கும்போதுதான் அடி வாங்கும். பைனரி தேடல் எழுதியவர்களுக்கு அது தெரியும்.

கம்பைலர் பிழையை வைத்துப் போவது பற்றி: பெயர் மாறிய இடத்தைத்தான் கம்பைலர் காட்டும். பெயர் மாறாமல் பொருள் மாறிய இடங்களை அதனால் காட்ட முடியாது. நீங்கள் பயப்பட வேண்டியது அந்த இடங்களுக்கு.

உதவிக்கோப்பு

விம்மின் ஆவணத்தில் ஃபார் லூப் பகுதியை வாசித்தீர்களா? உங்கள் திட்டத்துக்கு எதிராக அங்கே ஒரு பத்தி இருக்கிறது.

பழைய விம் ஸ்கிரிப்ட்டில், லூப்பின் உடல் ஓடுவதற்கு முன்பே அடுத்த உறுப்பு எது என்று குறித்து வைத்துவிடுவார்கள். அதனால் இப்போது கையில் இருக்கும் உறுப்பை லூப்புக்குள்ளேயே நீக்கினாலும் ஒன்றும் ஆகாது. இதற்கு ஆவணமே ஓர் உதாரணம் தருகிறது: லிஸ்ட் மீது ஃபார் ஓட்டி, ஒவ்வொரு சுற்றிலும் 0-ஆவது உறுப்பை நீக்கினால் லிஸ்ட் முழுவதும் காலியாகும். அடுத்த வரியிலேயே, மொழியின் புதிய வடிவமான விம்9 ஸ்கிரிப்ட்டில் எண் பயன்படுகிறது, முன்னால் உள்ள உறுப்பை நீக்கினால் அடுத்தது தவறிப்போகும் என்றும் இருக்கிறது.

அர்ரேயும் எண்ணும் என்று மாற்றினால் அந்தப் பழைய உதாரணம் பாதி உறுப்புகளோடு நின்றுவிடும். பைத்தானில் லிஸ்ட் மீது லூப் ஓட்டிக்கொண்டே நீக்கினால் ஒன்றுவிட்டு ஒன்று தப்பிப்பது இதே காரணத்தால்தான். அங்கே லூப்பை நகர்த்தும் இட்டரேட்டர் வைத்திருப்பது ஓர் எண். பைத்தான் முதலிலிருந்தே அப்படி, யாரும் குறை சொல்ல முடியாது. விம்மில் எழுதிக் கொடுத்த வாக்கு இருக்கிறது. அதை நம்பி எழுதிய பிளகின்கள் ஊர் உலகமெல்லாம் ஓடுகின்றன. உள்ளே இருந்த அமைப்பு வெளியே ஆவணம் வரைக்கும் கசிந்துவிட்டது. இனி அது அமைப்பு மட்டும் இல்லை, மொழியின் பகுதி.

கொக்கி_7

இது எனக்குப் புதிது, நன்றி. ஆனால் எண்ணை வைத்தே பழைய நடத்தையைக் காப்பாற்ற முடியாதா? விம்மில் இப்போதே ஒவ்வொரு லிஸ்ட்டுக்கும் கண்காணிப்பாளர் வரிசை ஒன்று உண்டு. ஃபார் லூப் தொடங்கும்போது தன் பெயரை அதில் சேர்க்கும். ஓர் உறுப்பை நீக்கும்போது, அந்த உறுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்காணிப்பாளர்களை அதற்கு அடுத்த உறுப்புக்கு நகர்த்துவார்கள். நான் பாயிண்டருக்குப் பதில் எண்ணை வைத்து, p-ஆவது இடத்தில் நீக்கினால் p-ஐவிடப் பெரிய எண்களை ஒன்று குறைத்துவிடுகிறேன். போதாதா?

பின்ஒட்டு

கிட்டத்தட்ட போதும். நீக்கும்போது p-க்குச் சமமான எண்ணைத் தொடக் கூடாது, ஏனென்றால் அடுத்த உறுப்பு அதே இடத்துக்கு வந்துவிட்டது. செருகும்போது p-யும் அதற்கு மேலும் உள்ள எண்கள் எல்லாம் ஒன்று கூட வேண்டும், ஏனென்றால் லிங்க்டு லிஸ்ட்டில் பாயிண்டர் பழைய உறுப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். புதிதாக முன்னால் நுழைந்ததை அந்த லூப் பார்க்காது.

எல்லோரும் தவறவிடுவது கடைசி உறுப்பை. ஓர் உறுப்பு மட்டும் உள்ள லிஸ்ட்டின் மீது பழைய ஃபார் லூப் ஓடட்டும், உள்ளே ஒவ்வொரு சுற்றிலும் அதே லிஸ்ட்டின் முடிவில் ஒன்றைச் சேர்க்கட்டும். முதல் சுற்று தொடங்கும்போதே அடுத்தது நல் (எதுவும் இல்லை) என்று குறித்தாகிவிட்டது. அதன் பிறகு எவ்வளவு சேர்த்தாலும் லூப் நின்றுவிடும். இப்போது இரண்டு உறுப்புகளோடு தொடங்குங்கள். முதல் சுற்றில் அடுத்தது இரண்டாவது உறுப்பு. அதற்குள் மூன்றாவது சேர்ந்துவிட்டது. இரண்டாவது சுற்றில் அடுத்தது மூன்றாவது, அதற்குள் நான்காவது. இந்த லூப் முடியவே முடியாது.

வெறும் எண்ணை வைத்து, எண் நீளத்தைவிடக் குறைவாக இருக்கிறதா என்று ஒவ்வொரு சுற்றிலும் கேட்டால், ஓர் உறுப்பு லிஸ்ட்டும் முடிவில்லாமல் ஓடும். ஆகவே முடிந்துவிட்டது என்பதைத் தனி நிலையாக வைக்க வேண்டும். அடுத்ததைக் குறிக்கும் நேரத்தில் எண் நீளத்தை எட்டினால் அங்கேயே -1 போட்டுவிடுங்கள். பிறகு லிஸ்ட் வளர்ந்தாலும் அது -1 ஆகவே இருக்கட்டும். நீக்கியதால் எண்ணும் நீளமும் சமமாகும் இடத்திலும் இதே கதைதான்.

வரிசைப்படுத்துவதும் தலைகீழாக்குவதும் லூப்புக்குள் நடந்தால் எதிர்பாராதது நடக்கலாம் என்று ஆவணமே சொல்லிவிட்டது. அங்கே உங்களுக்குச் சுதந்திரம் உண்டு.

கூர்முனை

விம்மிலிருந்து பிரிந்த நியோவிம் பக்கம் எட்டிப் பார்த்தீர்களா? 2017 வாக்கில் அங்கே நீங்கள் ஆசைப்படும் வேலைக்கான அடித்தளம் போடப்பட்டது. லிஸ்ட்டின் ஸ்ட்ரக்ட் உறுப்புகளை நேரடியாகத் தொடும் பழக்கத்தை ஒழித்தார்கள். நீளம் வேண்டுமா, அதற்கு ஒரு ஃபங்ஷன். முதல் உறுப்பு, கடைசி உறுப்பு, அடுத்த உறுப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபங்ஷன் அல்லது மேக்ரோ (கம்பைல் ஆகும் முன் நிரலாக விரியும் சுருக்கம்). லிஸ்ட் முழுக்க நடக்க ஓர் இட்டரேஷன் மேக்ரோ. எவல்.சி-யிலும் மற்ற கோப்புகளிலும் கையால் எழுதியிருந்த ஃபார் லூப்புகள் எல்லாம் அந்த மேக்ரோவுக்கு மாறின.

எனக்கு மிகவும் பிடித்தது லிஸ்ட்டை உருவாக்கும் ஃபங்ஷன். எத்தனை உறுப்புகள் வரும் என்று அதற்கு ஒரு எண் கொடுக்க வேண்டும். எண் தெரியாதென்றால் சும்மா 0 போட முடியாது. தெரியவே தெரியாது, தெரிந்திருக்க வேண்டும், தெரியக்கூடும் என்று மூன்று தனித்தனி மாறிலிகள் வைத்திருக்கிறார்கள், -1, -2, -3 என்று. அந்த எண்ணால் இப்போதைக்கு எந்தப் பயனும் இல்லை என்று ஃபங்ஷனின் தலைக்குறிப்பிலேயே எழுதியிருக்கிறது! உள்ளே இன்னும் லிங்க்டு லிஸ்ட்தானே, முன்கூட்டி ஒதுக்க ஒன்றுமில்லை. ஆனால் அழைக்கும் ஒவ்வோர் இடத்திலும், எத்தனை வரும் என்று அந்த இடத்தின் நிரல் நன்றாகத் தெரிந்த ஒருவர் யோசித்து எழுதிவிட்டார். நாளைக்கு அர்ரே வரும்போது அந்த அறிவு தயாராகக் காத்திருக்கும்.

உங்கள் வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள் என்பதுதான் என் கருத்து. முதலில் வாசல் கட்டுங்கள். உள்ளே இருக்கும் சாமானை அப்புறம் மாற்றலாம். ஸ்ட்ரக்ட்டை முதலில் மாற்றினால் ஒரே ஒரு பிரம்மாண்ட கமிட் (மாற்றத் தொகுப்பு) வரும், அதை யாராலும் வாசித்துச் சரிபார்க்க முடியாது.

நிலைமுகவரி

வாசல் கட்டுவது நல்லது. ஆனால் வாசல் கட்டினாலும் தப்பாத ஒன்று இருக்கிறது. லிங்க்டு லிஸ்ட்டில் ஓர் உறுப்பின் மெமரி முகவரி, அது நீங்கும் வரை மாறாது. சி நிரலில் எத்தனையோ இடங்கள் இதைச் சொல்லாமல் நம்பியிருக்கின்றன. மதிப்பின் பாயிண்டரை எடுத்து வைத்துக்கொண்டு, நடுவில் பயனரின் நிரலை ஓடவிட்டு, திரும்பி வந்து அதே பாயிண்டரைத் தொடுவார்கள்.

மதிப்பு இருத்தும் (அசைன்மென்ட்) வரியின் இடதுபக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லிஸ்ட்டுக்குள் லிஸ்ட், இரண்டாவது சதுர அடைப்புக்குள் ஒரு ஃபங்ஷன் அழைப்பு. இன்டர்ப்ரெட்டர் முதல் அடைப்பைக் கடந்து உள் லிஸ்ட்டின் மதிப்புக்குப் பாயிண்டர் எடுத்தாகிவிட்டது. இப்போது இரண்டாவது அடைப்பின் எக்ஸ்பிரஷனைக் கணக்கிட அந்த ஃபங்ஷனை ஓட்டுகிறது. அது வெளி லிஸ்ட்டில் ஒன்றைச் சேர்த்தால்? லிங்க்டு லிஸ்ட்டில் எதுவும் நகராது. அர்ரேயில் இடத்தைப் பெரிதாக்கும் ரீஅலாக் நடந்து எல்லாமே வேறிடத்துக்குப் போய்விடும், கையில் இருக்கும் பாயிண்டர் விடுவிக்கப்பட்ட மெமரியைப் பார்க்கும். இது பத்துமுறை ஓடினால் ஒன்பது முறை சரியாக ஓடுவது போலவே தோன்றும். மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

உறுப்புகளின் சொந்தக்காரர் யார் என்பதும் ஒரே மாதிரி இல்லை. சாதாரண உறுப்பு மாலாக்கில் தனியாகப் பிறக்கிறது. எண்ணிக்கை முன்பே தெரிந்த லிஸ்ட்டுக்கு, லிஸ்ட்டையும் உறுப்புகளையும் ஒரே துண்டாக ஒதுக்கும் வழியும் இருக்கிறது; கொக்கி_7 சொன்ன 48 பைட் அங்கே பொருந்தாது. அதை விடுவிக்கும்போது, இந்த உறுப்பின் முகவரி லிஸ்ட்டின் துண்டுக்குள் விழுகிறதா என்று பாயிண்டரை ஒப்பிட்டுப் பார்த்து, விழவில்லை என்றால் மட்டும் ஃப்ரீ செய்கிறார்கள். அப்படிப் பிறந்த லிஸ்ட்டிலிருந்து ஒரு பகுதியை நீக்கி வேறு லிஸ்ட்டாகக் கொடுக்கும்போது உறுப்புகளை அப்படியே பெயர்த்துக் கொடுக்க முடியாது, புதிதாக நகலெடுக்க வேண்டும். மூன்றாவது வகை, ஃபங்ஷனுக்கு வரும் கூடுதல் ஆர்க்யுமென்ட்டுகளின் லிஸ்ட். அதன் உறுப்புகள் ஃபங்ஷன் அழைப்பின் ஸ்ட்ரக்ட்டுக்குள்ளேயே 20 இடங்கள் கொண்ட நிலையான அர்ரேயில் இருக்கின்றன. அந்த லிஸ்ட்டை யாரும் விடுவித்துவிடாதபடி ரெஃபரன்ஸ் கவுண்ட்டில் (எத்தனை பேர் அதைப் பிடித்திருக்கிறார்கள் என்ற கணக்கில்) பெரிய எண்ணைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

அர்ரே வந்தால் இந்த மூன்றும் ஒன்றாகிவிடும். சத்தியமாக, மெமரி மிச்சத்தைவிட எனக்கு இதுதான் பெரிய லாபமாகப் படுகிறது.

வரிசைநுனி

ஒரு மறுப்பு. விம் ஸ்கிரிப்ட்டில் லிஸ்ட்டை வரிசையில் நிற்கும் வேலைகளுக்கு நிறையப் பேர் பயன்படுத்துகிறார்கள்: பின்னால் சேர், முன்னால் எடு. லிங்க்டு லிஸ்ட்டில் முன்னால் எடுப்பது உடனே முடியும். அர்ரேயில் ஒவ்வொரு முறையும் மீதி அனைத்தையும் மெம்மூவ் செய்ய (இடம் நகர்த்த) வேண்டும். சின்ன லிஸ்ட்டில் தெரியாது. பின்னணியில் ஓடும் ஒரு ஜாப் ஆயிரக்கணக்கான வரிகளைத் தள்ளிக்கொண்டே இருக்கும் பிளகினில் தெரியும். இப்போது வேகமாக இருக்கும் ஒன்றை மெதுவாக்கும் மாற்றத்தை நான் ஏற்க மாட்டேன்.

கூர்முனை

மறுப்பு நியாயம்தான், ஆனால் அதற்குத் தீர்வு இருக்கிறது. டிக்ல் மொழியைப் பாருங்கள். அதுவும் சி-யில் எழுதிய இன்டர்ப்ரெட்டர். 1997-இல் டிக்ல் 8.0 வந்தபோது மதிப்புகள் வெறும் ஸ்ட்ரிங்காக இருந்த நிலை மாறி, லிஸ்ட்டுக்கு உள்ளே அர்ரே வடிவம் கிடைத்தது. அந்த அர்ரே நெடுநாள் இடப்பக்கம் ஒட்டியே உட்கார்ந்திருந்தது. முன்னால் சேர்த்தாலும் எடுத்தாலும் எல்லாம் நகர வேண்டும்.

2024-இல் வெளியான டிக்ல் 9.0-இல் லிஸ்ட்டின் உட்புறம் புதிதாக எழுதப்பட்டிருக்கிறது. டிப் 625 என்ற முன்மொழிவு அதற்கானது. இப்போது சேமிப்பிடத்தில் முதலில் பயன்படும் இடம் எது, எத்தனை பயன்படுகின்றன, மொத்தம் எத்தனை ஒதுக்கியிருக்கிறது என்று மூன்று எண்கள். முன்னாலும் காலி இடம் விடலாம். முன்னால் இருந்து எடுத்தால் தொடக்க எண்ணை நகர்த்தினால் போதும். இன்னொன்றும் செய்தார்கள்: ஒரு பெரிய லிஸ்ட்டின் நடுத்துண்டு கேட்டால் நகலெடுக்காமல், அதே சேமிப்பிடத்தின் மீது இங்கிருந்து இவ்வளவு நீளம் என்று ஒரு ஸ்பேன் வைத்துப் பகிர்ந்துகொள்ள முடியும்.

டிக்லில் ஒரே மதிப்பை இருவர் பகிர்ந்தால், மாற்றுபவர் நகலெடுத்துத்தான் மாற்ற வேண்டும் என்பது மொழியின் விதி. அதனால் ஸ்பேன் அங்கே இயல்பாகப் பொருந்துகிறது. விம்மில் லிஸ்ட் என்பது ரெஃபரன்ஸ். ஒருவர் மாற்றினால் மற்றவருக்கும் தெரிய வேண்டும். ஸ்பேன் வேண்டாம், முன்பக்கக் காலி இடத்தை மட்டும் கடன் வாங்குங்கள். கண்காணிப்பாளர் எண்களைத் தொடக்கத்திலிருந்து எண்ணுங்கள், சேமிப்பிடத்தின் நுனியிலிருந்து எண்ணாதீர்கள்; இல்லையென்றால் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் அவற்றையும் திருத்த வேண்டிவரும்.

வரிசைநுனி

முன்னால் காலி இடம் உண்டென்றால் என் மறுப்பை விலக்கிக்கொள்கிறேன். எவ்வளவு வளர்க்க வேண்டும் என்பதையும் யோசியுங்கள். இரட்டிப்பாக்குவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். பைத்தானின் வழக்கமான இன்டர்ப்ரெட்டரான சிபைத்தான் எட்டில் ஒரு பங்கும் கொஞ்சமும்தான் கூடுதலாக ஒதுக்குகிறது. ஒவ்வொன்றாகச் சேர்த்தால் 4, 8, 16, 24, 32, 40, 52, 64 என்று கொள்ளளவு போகும். நீளம் கொள்ளளவில் பாதிக்குக் கீழே போனால் சுருக்கவும் செய்கிறது. ஒரு விம்முக்குள் சின்னச் சின்ன லிஸ்ட்டுகள்தான் ஆயிரக்கணக்கில் வாழும். அங்கே சிக்கனம் முக்கியம்.

உதவிக்கோப்பு

ரேஞ்ச் பற்றி யாரும் பேசவில்லையே. விம் 8.2 காலத்திலிருந்து, எண் வரிசை தரும் ரேஞ்ச் ஃபங்ஷன் உறுப்புகளை உடனே உருவாக்குவதில்லை. தொடக்கம், முடிவு, இடைவெளி மூன்றை மட்டும் லிஸ்ட்டில் எழுதி, முதல் உறுப்பு என்ற பாயிண்டரில் ஓர் அடையாள உறுப்பின் முகவரியைப் போட்டுவிடுகிறார்கள். உறுப்புகளைத் தொடப்போகும் ஒவ்வொரு ஃபங்ஷனும் தொடங்கும் முன் ஒரு மேக்ரோவைக் கூப்பிட்டு, இது அடையாள லிஸ்ட் என்றால் உண்மையான உறுப்புகளை உருவாக்கிவிட வேண்டும்.

அந்த மூன்று எண்களும், கடைசி உறுப்பின் பாயிண்டரும் தேடல் நினைவும் ஒரே யூனியனில் இடத்தைப் பகிர்கின்றன. மேக்ரோவை ஓரிடத்தில் மறந்தால், தொடக்க எண்ணைப் பாயிண்டராக நினைத்து நிரல் அதன் மீது நடக்கும். கம்பைலர் வாய் திறக்காது. இதற்காகவே லிஸ்ட் ஏற்கும் ஃபங்ஷன்களை அகர வரிசையில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ரேஞ்சைக் கொடுத்துப் பார்க்கும் நீளமான டெஸ்ட் ஒன்று விம்மில் இருக்கிறது. அலங்காரம் இல்லாத டெஸ்ட், ஆனால் அதை எழுதியவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். கொக்கி_7, உங்கள் வேலைக்கு அந்த டெஸ்ட்தான் முதல் காவல். வாசல் ஃபங்ஷன்கள் வந்துவிட்டால் அந்த மேக்ரோ ஓரிரு இடங்களுக்குள் அடங்கிவிடும் என்பதும் நல்ல செய்தி.

கொக்கி_7

எல்லோருக்கும் நன்றி. திட்டத்தை மாற்றிக்கொண்டேன். முதல் கட்டத்தில் ஸ்ட்ரக்ட்டைத் தொடப் போவதில்லை. பின்ஒட்டு சொன்ன ஓர் உறுப்பு, இரண்டு உறுப்பு லூப்புகளையும், உதவிக்கோப்பு சொன்ன காலியாக்கும் லூப்பையும் இப்போதைய விம்மில் ஓட்டி, கிடைக்கும் முடிவுகளை டெஸ்ட்டாக எழுதுகிறேன். முடிவில்லாத லூப்புக்கு உள்ளேயே ஓர் எண்ணிக்கை வைத்து பிரேக் போட்டுக்கொள்வேன். அப்புறம் கோப்பு கோப்பாக இட்டரேஷன் மேக்ரோவுக்கு மாற்றுகிறேன், ஒரு கோப்புக்கு ஒரு கமிட். பயனரின் நிரலை ஓட்டக்கூடிய இடங்களில் பாயிண்டருக்குப் பதில் லிஸ்ட்டும் எண்ணுமாக வைத்து, ஓடி முடிந்ததும் மறுபடி தேடி எடுக்கிறேன். இந்தக் கட்டம் முடியும் வரை உள்ளே லிங்க்டு லிஸ்ட்தான்.

வேறு எந்த இடத்துக்கு முன்கூட்டியே டெஸ்ட் எழுத வேண்டும்?

நிலைமுகவரி

லிஸ்ட்டைத் தன்னோடு தானே நீட்டுவதற்கு எழுதுங்கள். இப்போதைய நிரலில் தொடக்கத்து நீளத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அத்தனை உறுப்புகள் நுழைந்ததும் நிற்கிறார்கள், இல்லையென்றால் லூப் தொங்கிவிடும். நடுவில் செருகச் சொன்னால், செருகும் இடத்துக்கு வந்ததும் புதிதாக நுழைந்தவற்றைத் தாண்டிக் குதிக்கவும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அர்ரேயில் அந்த இரண்டும் தேவைப்படாது, ஆனால் வேறொன்று வரும்: இடம் போதாமல் ரீஅலாக் நடந்ததும் மூலத்தின் பாயிண்டர் செல்லாது, செருக இடம் விட்டதும் மூலத்தின் பின்பாதி நகர்ந்திருக்கும். சிபைத்தானில் ஒரு லிஸ்ட்டின் துண்டுக்கு அதே லிஸ்ட்டை இருத்தினால், முதலில் முழுவதையும் நகலெடுத்துவிட்டுத்தான் தொடங்குகிறார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம். டெஸ்ட்டில் மூன்று உறுப்பு லிஸ்ட்டை எடுத்து 0, 1, 3 ஆகிய மூன்று இடங்களிலும் தன்னையே செருகிப் பாருங்கள். கொள்ளளவு நிரம்பிய நிலையிலும் ஒருமுறை, இடம் மீதமிருக்கும் நிலையிலும் ஒருமுறை.